தண்ணீர் ஊற்றும் வரை சொல்லக்கூடாத பெயர்

மவுண்ட் ஐசா தொலைபேசி நிலையத்தில் பத்து வருஷமாக சினிக்காவின் பெயர் சாண்ட்ரா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வைக்காரி, "சினிக்காவா? இதெல்லாம் லைன்ல எடுபடாதும்மா. நீ சாண்ட்ரா," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சினிக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள் இந்த மாதிரி விஷயங்களுக்கு எதிர்த்துப் பேசுவதில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்திருப்பார்கள். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு நாளில், எதிர்பாராத இடத்தில் போட்டு உடைப்பார்கள்.

ஈயமும் செம்பும் தோண்டும் அந்த ஊருக்கு அவள் வந்தது 1959இல், பன்னிரண்டு வயதில். அப்பா, அம்மா, மூன்று வயது மூத்த அண்ணன் யோர்மா, அவள். அப்பா ஏழு வருஷம் சுரங்கத்தில் இறங்கி ஏறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்குப் பிறகு குடும்பத்தை இழுத்தவள் அம்மாதான். கல்யாணமாகாத ஃபின்லாந்து ஆட்கள் தங்கியிருந்த விடுதிகளின் அழுக்குத் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். அவள் அலசி ஊற்றும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். அவள் பெயர் ஹெல்மி. முத்து என்று அர்த்தம். அவர்கள் நாட்டிலேயே அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

1972இல் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தாள். சினிக்கா ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு பகலெல்லாம் அம்மாவைப் பார்த்தாள். யோர்மா அப்போது கண்டத்தின் அந்தக் கோடியில், இரும்புத்தாது எடுக்கும் இடத்தில் வேலையில் இருந்தான். மாதம் ஒரு கடிதம் எழுதுவான், நாலு வரி. அம்மாவைப் புதைத்து ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தான். தந்தி தாமதமாகக் கிடைத்தது என்றான். கொல்லையில் துணி காயப்போடும் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் கிளம்பிப் போய்விட்டான். சினிக்கா அன்றைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வருஷம் கழித்து யோர்மா, தூலா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அண்ணனும் தங்கையும் சந்தித்தால் பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி."

"நேத்தும் ஜாஸ்திதான்."

சினிக்கா கட்டிக்கொண்டது டெஸ் ஹான்ரஹனை. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை மேலிருந்து இயக்குகிறவன். செம்பட்டைத் தலை, ஓயாத வாய். 1975இல் அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோது ஒரே ஒரு விஷயத்தில் அவள் உறுதியாக இருந்தாள். பிள்ளை ஹான்ரஹன் ஆகப்போகிறது. தலைமுடி செம்பட்டையாக வரப்போகிறது. ஃபின்லாந்துப் பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் தங்கப்போவதில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்து அதற்குக் கொடுக்க மிச்சமிருந்தது ஒரு பெயர்தான். பெண் பிறந்தால் ஹெல்மி. அதை எந்த மேற்பார்வைக்காரியும் சாண்ட்ராவாக்க அவள் விடப்போவதில்லை.

பெண்ணே பிறந்தது.

இங்கேதான் ஒரு ஃபின்லாந்து வழக்கம் குறுக்கே நிற்கிறது. பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. பெற்றவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியலாம். சொந்தக்காரர்கள்கூட கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதைக் குறைவு. அதுவரைக்கும் பிள்ளையை வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். சினிக்காவின் பெண்ணுக்கு மூட்டை என்று பெயர் விழுந்தது. பாதிரியாரோ பிரிஸ்பேனிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மூட்டை இரண்டு மாதம் மூட்டையாகவே இருக்க வேண்டியதாயிற்று.

டெஸ்ஸின் அம்மா டவுன்ஸ்வில்லிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிட்டாள்.

"பிள்ளைக்குப் பேர் இருக்கா இல்லையாடா? ஸ்வெட்டர்ல என்னன்னு பின்னுவேன்?"

"இருக்கும்மா. சொல்லக்கூடாது."

"என்கிட்டகூடவா? நான் என்ன பேப்பர்லயா போடப்போறேன்?"

"நீ போடுவம்மா."

டெஸ்ஸுக்கு இந்த ரகசியம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் ஒரு பொறுப்பும் அவன் தலையில் இருந்தது. அந்த ஊர் ஃபின்லாந்துக்காரர்கள் கூடும் மன்றத்தில் பாதிரியார் கேட்கும்போது பெயரைச் சொல்ல வேண்டியது தகப்பன். நூறு ஃபின்லாந்துக்காரர்கள் நடுவில் தன் அம்மாவின் பெயரை அவன் கொலை செய்துவிடக்கூடாது என்று சினிக்காவுக்குக் கவலை. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைச் சாலையில் வைத்து அவனுக்குப் பாடம் எடுத்தாள்.

"முதல் பாதிய அழுத்திச் சொல்லு. ரெண்டாவது பாதிய விட்டுடு, தானா வரும்."

"ஹெல்மி."

"இது ஸ்கூல்ல பேர் கூப்பிடற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை."

"அடியே, வேர்த்து ஊத்துது. கண்ணாடியையாவது இறக்கேன்."

"சரியா சொல்லு, இறக்கறேன்."

கூண்டை இயக்கும் அறையில் தனியாக இருக்கும் நேரமெல்லாம் டெஸ் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். அடுத்தவர்களுக்கு அவன் வாய் அசைவது மட்டும் தெரியும். குழந்தை பிறந்ததிலிருந்து இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மூட்டை பிறந்து ஐந்து வாரத்தில் யோர்மாவுக்கும் பெண் பிறந்தது. அதற்குப் பொட்டலம் என்று பெயர். சினிக்கா ஒரு நாள் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பெயர் யோசித்திருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தூலா நாகரிகமான பெண், ஏதாவது பத்திரிகையில் வரும் பெயராக வைப்பாள் என்று சினிக்கா நினைத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று பாதிரியார் வால்கோனெனிடமிருந்து கடிதம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மன்றத்தில் நான்கு விசிறிகள் ஓடியும் ஒருவருக்கும் போதவில்லை. ஆண்கள் கோட்டும் டையுமாக வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் காஃபி கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் ரொட்டி வாசனை முன்வரிசை வரைக்கும் வந்தது.

மூத்தவள் என்பதால் மூட்டைக்குத்தான் முதலில். ஆனால் பொட்டலம் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. பிரசவமாகி மூன்றே வாரமான தூலா வெளுத்துப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சினிக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க முதல்ல முடிச்சுக்கோங்க. நாங்க நிக்கறோம்."

யோர்மா தலையை மட்டும் ஆட்டினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேல் பிள்ளையைப் பிடித்தான்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்று பாதிரியார் கேட்டார்.

"ஹெல்மி யொஹன்னா," என்றான் யோர்மா.

சினிக்காவுக்குத் தன் வீட்டுப் பீரோவைத் திறந்து யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. பாதிரியார் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாள். முன்வரிசையில் வயதானவர்கள், ஹெல்மியின் மகன் ஹெல்மி என்று வைத்திருக்கிறான் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்தாள். பதினோரு மாதத்தில் ஒரு நாள் வராதவன், மண் போடக்கூட வராதவன், பெயரை மட்டும் வந்து எடுத்துக்கொண்டான். அதிலும் அவளே வழிவிட்டு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்தது அவர்கள் முறை. நடக்கும்போதே டெஸ்ஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம். மார்கரெட்னு மட்டும் சொல்லிடு."

மார்கரெட் என்பது டெஸ்ஸின் அம்மா பெயர். இரண்டாவது பெயராக வைத்திருந்தார்கள். டெஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் பேசுகிறவன் அன்றைக்குப் பேசாமல் போய் நின்றது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?"

"ஹெல்மி," என்றான் டெஸ். முதல் பாதியை அழுத்தி, இரண்டாவது பாதியைத் தானாக வரவிட்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "ஹெல்மி மார்கரெட்."

தண்ணீர் அள்ளிய பாதிரியாரின் கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. அவர் சினிக்காவைப் பார்த்தார். சினிக்கா தரையைப் பார்த்தாள். தகப்பன் சொன்ன பெயருக்கு மேல் அவர் என்ன செய்வார்? ஊற்றினார்.

காஃபி மேஜைக்கு எல்லாரும் வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதைப் பற்றி அடுத்த பத்து வருஷத்துக்குப் பேசப்போகிறவர்கள் அப்போது சர்க்கரையை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா?" என்று சினிக்கா பல்லைக் கடித்துக்கொண்டு டெஸ்ஸிடம் கேட்டாள்.

"எட்டு வாரமா அந்தப் பேரச் சொல்லிப் பழகியிருக்கேன். அது உங்க அண்ணன் பொண்ணு பேர் இல்ல. என் பொண்ணு பேர். யாரு முன்னாடி சொன்னா எனக்கென்ன?"

தூலா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். "நான் உண்டாகறதுக்கு முன்னாடியே நாங்க முடிவு பண்ணினது," என்று காஃபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. எப்படிக் கசிஞ்சதுன்னுதான் தெரியல."

"கசியல தூலா. நானும் எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

இதில் யார் யாரை நம்புவது? ஊரறியச் சொன்னவனுக்குச் சாட்சி உண்டு. ஒருவரிடமும் சொல்லாதவர்களுக்குச் சாட்சிக்கு எங்கே போவது?

அப்போதுதான் எல்வி அத்தை கேக்குகளைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஊர் ஃபின்லாந்துக்காரர்களின் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் கேக் போடுகிறவர் அவர்தான். இரண்டு பெட்டிகளின் மூடியையும் திறந்தார். இரண்டு வெள்ளைக் கேக்குகள். இரண்டிலும் இளஞ்சிவப்புக் கிரீமில் ஹெல்மி என்று ஒரே கையெழுத்து.

மேஜையிலிருந்து ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது.

"அத்தை," என்றாள் சினிக்கா, "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர்னு?"

"நான்தான எழுதணும்? தெரியாம எப்படி எழுதறது?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!"

எல்வி அத்தை உண்மையிலேயே திகைத்துப்போனார். "தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியா? நான் எப்படிச் சொல்வேன்? சொல்லக்கூடாதே!"

"யாரு முதல்ல வந்து ஆர்டர் குடுத்தாங்க?" என்று கேட்டாள் தூலா.

"ஒரே நாள்ல. ஒருத்தர் காலையில, ஒருத்தர் மத்தியானம். யாரு எப்பன்னு செத்தாலும் சொல்ல மாட்டேன். கேக்கை வெட்டுங்க, கிரீம் உருகுது."

யோர்மா கோப்பையைக் கீழே வைத்தான். பாதி காஃபி அப்படியே இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டான். அந்தக் கூட்டத்தில் காஃபியை மிச்சம் வைத்துவிட்டுப் போவதென்பது மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போவதற்குச் சமம். மூட்டையை டெஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு சினிக்காவும் பின்னால் போனாள்.

மன்றத்துக்குப் பின்னால் ஒரு நீராவிக் குளியல் கொட்டகை உண்டு. அதன் படியில் நிழல் இருந்த பக்கமாக யோர்மா உட்கார்ந்திருந்தான். சினிக்கா நின்றாள்.

"காஃபி ஆறுது."

"ஆறட்டும்." டையைத் தளர்த்திக்கொண்டான். "பதிவு ஆபீஸ்ல இன்னும் எழுதலதானே நீங்க?"

"இன்னும் நாலு நாள் இருக்கு."

"அங்க மாத்திடு."

"எதுக்கு?"

"உன் பொண்ணு ஹான்ரஹன். என் பொண்ணு சவேலா. அம்மா யாரு? ஹெல்மி சவேலா. முழுசா என் பொண்ணுக்குத்தான் பொருந்துது. உனக்கு அது பாதிதான் சினிக்கா."

அவள் ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு பயந்த பயத்தை அவன் அப்படியே எடுத்து அவள் முகத்தில் எறிந்தான். மூன்று வருஷமாக இறுக மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

"எனக்குப் பாதியா? பதினோரு மாசம் அவ வாந்திய அள்ளினது யாரு? முதுகுல புண்ணு வராம புரட்டிப் போட்டது யாரு? கடைசி வாரம் யோர்மா எங்க, யோர்மா எங்கன்னு கேட்டப்ப வந்துக்கிட்டிருக்கான் வந்துக்கிட்டிருக்கான்னு பொய் சொன்னது யாரு? இதுல எது உன் பாதி? சொல்லு. குழியில ஒரு பிடி மண்ணு போட வந்தியா நீ?"

"தந்தி லேட்டா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கீழே கிடந்த ஒரு விறகுச் சிராயை எடுத்து இரண்டாக ஒடித்தான். "லேட்டா வரல."

"என்ன?"

"தந்தி லேட்டா வரல. அன்னைக்கு சாயங்காலமே கையில குடுத்துட்டான். மறுநாள் விடியக்காலை விமானம் இருந்துச்சு. மேஸ்திரி எனக்காக இடம்கூட கேட்டு வச்சிருந்தார். ஓடுதளம் வரைக்கும் போனேன். ஏறல."

"ஏன்?"

"நான் வந்து பாத்தாதான அவ செத்தவ? பாக்காத வரைக்கும் இங்க கொல்லையில துணி அலசிக்கிட்டு இருக்கான்னு வச்சுக்கலாம்னு தோணுச்சு. ஒன்பது நாள் அப்படித்தான் வச்சிருந்தேன். அதுக்கு மேல முடியல. வந்தேன். கம்பியில ஒரு துணியும் இல்ல."

சினிக்காவுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தது கண்ணுக்குள் வந்தது. இவன் ஒரு விமானத்தின் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்திருக்கிறான். அந்தக் கோபம் போகவில்லை. சாகும் வரைக்கும் முழுசாகப் போகப்போவதுமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து, இத்தனை நாள் அம்மா செத்தது தனக்கு மட்டும்தான் என்று அவள் வைத்திருந்த நினைப்பு ஆட்டம் கண்டது. அதுவும் ஒரு இழப்பாகத்தான் இருந்தது. அவள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"மூணு வருஷத்துல ஒரு நாள் இதச் சொல்லியிருக்கலாம்."

"வெயிலப் பத்தித்தான நாம பேசுவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை என்பதால் மூக்கைச் சிந்தினாள்.

"நான் மாத்த மாட்டேன் யோர்மா."

"நானும் மாட்டேன்."

"வீட்ல யாரையாவது அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணும் எனக்கு. அம்மா போனதுக்கப்பறம் அந்தப் பேர யாரும் வாயால சொல்லவே இல்ல. கல்லுல எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

யோர்மா தலையைக் குனிந்துகொண்டான். "நான் தூலாகிட்ட சொன்னதும் இதேதான்," என்றான்.

மன்றத்து ஜன்னலிலிருந்து எல்வி அத்தையின் குரல் வந்தது. "ஹெல்மி அழறா! யாராவது வாங்க!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். எந்த ஹெல்மி என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே தூலா பக்கத்து அறையில் போய்ப் படுத்திருந்தாள். டெஸ் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சட்டை நனைந்து நடு மன்றத்தில் நின்றான். ஒன்று அயர்ந்து தூங்கியது. இன்னொன்று முகம் சிவந்து அலறியது.

"மச்சான், சீக்கிரம் வா," என்றான் யோர்மாவைப் பார்த்து. "உன் மக என் காதைச் செவிடாக்கிட்டா."

யோர்மாவுக்கு முன்னால் சினிக்கா போய்ச் சேர்ந்தாள். அலறிய பிள்ளையைக் கையில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இடுப்பை வளைத்து ஆட்டினாள். எட்டு வாரமாகக் காருக்குள் சொல்லிக்கொடுத்த பெயர்தான். ஆனால் அதைச் சொல்லி இதுவரை அவள் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. வழக்கம் விடவில்லை.

"ஹெல்மி," என்றாள் அண்ணன் மகளிடம். "ஹெல்மி, அழாதடி."

பிள்ளை இன்னும் பெரிதாக அழுதது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.